டி20 அலுத்த கூட்டத்துக்கு: அடுத்த ஆட்டத்தைப் பிடிக்கும் வழி

ஞாயிறு மதியம், பெரம்பூரில் ஒரு மொட்டை மாடி. தகரக் கொட்டகை நிழலில் ஐந்து பேர், நடுவில் டி20 என்கிற இருபதுமுகப் பகடை, ஓரத்தில் பஜ்ஜித் தட்டு. ஃபைட்டராக ஆடுபவரின் முறை வருகிறது. "அடிக்கிறேன்" என்கிறார். உருட்டுகிறார். பன்னிரண்டு. படவில்லை. செல்போனைக் கையில் எடுத்துக்கொள்கிறார். அடுத்த இருபது நிமிஷத்துக்கு அவருக்கு இங்கே வேலை இல்லை.

மூன்று வாரமாக இதே கதை என்றால் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) உங்கள் கூட்டத்துக்கு அலுத்துவிட்டது. தப்பில்லை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த ஆட்டம் அது. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பேசியும் பகடை உருட்டியும் கதை நகர்த்தும் ரோல்பிளே ஆட்டங்கள் அதற்குப் பின்னால் வந்தவை எண்ணி மாளாது. மாட்டிக்கொள்வது தேர்வு செய்யும்போதுதான். "வேற எதனா ஆடலாம்" என்று கிளம்புகிறவர்கள் அட்டைப்படத்தைப் பார்த்து ஒன்றை இறக்குவார்கள், நானூறு பக்கத்தில் நாற்பது படிப்பார்கள், அடுத்த மாதம் பழைய கேம்பெயினிலேயே (வாரக்கணக்கில் ஓடும் தொடர்கதையிலேயே) உட்கார்ந்திருப்பார்கள். அலுத்தது எந்தப் பகுதி என்று முதலில் பிரித்துப் பார்த்துவிட்டால் இந்த அலைச்சல் பாதி குறையும்.

எது அலுத்தது?

அடுத்த முறை ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுங்கள். இரண்டே கேள்வி. இன்றைக்கு எந்த இடத்தில் போனை எடுத்தாய்? எந்த இடத்தில் போனை மறந்தாய்? பேர் எழுத வேண்டாம். மடித்து ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கி டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) வாசிக்கட்டும். வாயால் கேட்டால் "சூப்பரா இருந்துச்சு ப்ரோ" என்றுதான் பதில் வரும். டிஎம் மனசு நோகக்கூடாதே! சீட்டு அந்த முகதாட்சண்யம் பார்க்காது.

"சண்டை இழுக்குது" என்று வந்தால் கணக்குப் போடுங்கள். ஐந்து பேர், ஆளுக்கு நாலு நிமிஷம், எதிரிகளுக்கு ஐந்து நிமிஷம். ஒரு சுற்றுக்கே இருபத்தைந்து நிமிஷம். நாலு சுற்று போனால் ஒரு மணி நாற்பது நிமிஷம் காலி. ஆட்டத்தை மாற்றுமுன் எதிரிகளின் ஹிட் பாயின்டை (உயிர் அளவை) பாதியாக்கி, அவர்கள் கொடுக்கும் அடியை ஒன்றரை மடங்காக்கி ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். அதிலேயே விறுவிறுப்பு வந்துவிட்டால் புது ஆட்டம் தேவையே இல்லை. வராவிட்டால் 'கெய்ர்ன்' பக்கம் போகலாம். அதில் அடி படுமா படாதா என்று உருட்டுவதே கிடையாது. ஓங்கினால் பட்டே தீரும். ஆயுதத்தின் பகடையை உருட்டி, எதிரியின் கவசத்தைக் கழித்தால் முடிந்தது. சண்டை பத்து நிமிஷம் தாண்டாது. ஆகவே சண்டைக்குப் போகுமுன் எல்லோரும் இரண்டு தடவை யோசிப்பார்கள். சண்டை பிடிக்கும், ஆனால் இன்னும் நுணுக்கமாக வேண்டும் என்கிற கூட்டத்துக்கு நேர் எதிர்த்திசை: 'பாத்ஃபைண்டர்' இரண்டாம் பதிப்பு. முறைக்கு மூன்று செயல். அதில் எதை எப்படி அடுக்குகிறோம் என்பதுதான் சுவை.

"திரும்பத் திரும்ப அதே சத்திரம், அதே எல்ஃப், அதே குள்ளன்" என்று வந்தால் அலுத்தது உலகம்; விதியின் மேல் குறை இல்லை. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். உலகம் அலுத்தவர்கள் விதியை மாற்றுவார்கள், விதி அலுத்தவர்கள் அதே விதியில் விண்வெளிக்குப் போவார்கள். இரண்டு கூட்டமும் ஆறு வாரத்தில் மறுபடி கொட்டாவி விடும்.

"டிஎம் களைச்சுட்டார்" என்பதைப் பெரும்பாலும் டிஎம்மே எழுதியிருப்பார். கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். அதற்கு நடத்துபவரே தேவைப்படாத ஆட்டங்கள் இருக்கின்றன, கீழே வருகிறது. "ஆள் சேர்றதில்ல" என்றால், ஒருவருக்கு மணலியில் ஷிஃப்ட், ஒருவருக்கு செமஸ்டர் என்று இருக்கிற வாழ்க்கையில் ஒன்றரை வருஷக் கேம்பெயின் ஓடாது. ஒரே உட்காரலில் முடிகிற ஒன்-ஷாட்களுக்கு மாறுங்கள். இரண்டே பேர் மிஞ்சினால் ஷான் டாம்கினின் 'அயர்ன்ஸ்வார்ன்'. 2018-இல் வந்தது, பிடிஎஃப் இலவசம், தனியாகவும் ஆடலாம்.

"அவன் யாரையும் பேச வுடமாட்றான்" என்று ஒரு சீட்டு வந்தால் அதற்கு எந்தப் பகடையும் மருந்தில்லை. டீக்கடைக்குத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

'ஒன்றும் நடக்கவில்லை' என்கிற நோய்

சீட்டுகளில் நேரடியாக வராது, ஆனால் பாதி அலுப்புக்கு வேர் இதுதான். பன்னிரண்டு விழுந்தது, பதின்மூன்று தேவை, படவில்லை. மேசையில் எதுவுமே மாறவில்லை. முறை அடுத்தவருக்குப் போகிறது.

2010-இல் வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் எழுதிய 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' இந்த இடத்தைத்தான் உடைத்தது. இரண்டு ஆறுமுகப் பகடையை உருட்டிக் கூட்டி, கேரக்டரின் எண்ணைச் சேர்க்க வேண்டும். 10-ஓ அதற்கு மேலோ வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை உண்டு. 6-க்குள் என்றால் நடத்துபவர் உங்களுக்கு ஒரு தொல்லையைக் கொண்டுவருவார். +1 உள்ள ஒருவருக்கு இது 28, 44, 28 சதவீதம். 'கிடைச்சது, ஆனா...' என்பதுதான் அதிகம் வரும். கதை நகருவது அந்த 'ஆனா'வில்தான். இதே விதியில் டி அண்ட் டி வாசனை வேண்டுமென்றால் 2012-இல் வந்த 'டன்ஜன் வேர்ல்ட்' இருக்கிறது.

இந்த வழியில் பிறந்த ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் தி டார்க்' 2017-இல் வந்தது. புகை சூழ்ந்த, ஆவிகள் அலையும் துறைமுக நகரம். அதில் ஒரு களவாணிக் கூட்டம். நம் வடசென்னை ஆட்களுக்கு ஊரை விளக்கவே வேண்டாம். செயலுக்குரிய எண்ணிக்கையில் ஆறுமுகப் பகடைகளை உருட்டி, விழுந்ததில் பெரியதை மட்டும் பார்க்க வேண்டும். 6 என்றால் முழு வெற்றி, 4 அல்லது 5 என்றால் விலையோடு வெற்றி, 3-க்குள் என்றால் வம்பு. மேசையில் எப்படி ஓடும் என்று பாருங்கள். கன்டெய்னர் யார்டு, நடு இரவு, சுவரேறும் செயலில் இரண்டு பகடை. 3, 5 விழுகிறது. நடத்துபவர் சொல்கிறார்:

"ஏறிட்ட. உள்ள குதிச்சும் ஆச்சு. ஆனா ஒரு செருப்பு அந்தாண்ட வுழுந்துடுச்சு. நாய் ஒண்ணு மோந்து பாத்துனுகீது."

"ணா, நான் ஷூ போட்னு வந்தேன்னு வெச்சுக்கலாமா?"

"அது செல்லாது. வுழுந்தது வுழுந்ததுதான். வேணும்னா, மத்தியானமே வந்து அந்த நாய்க்குப் பொறை போட்டுப் பழக்கி வெச்சேன்னு ஒரு ஃப்ளாஷ்பேக் எடு. ஸ்ட்ரெஸ் ஒண்ணு போட்டுக்கோ."

"பொறையா? நான் பன்னே வாங்கிப் போட்டேன் ணா."

இந்த நாலு வரியில் ஆட்டத்தின் முக்கால்வாசி வந்துவிட்டது. நடந்துவிட்டதை ஃப்ளாஷ்பேக் அழிக்காது. நடப்பதற்கு முன்னால் என்ன ஏற்பாடு செய்து வைத்தீர்கள் என்பதைத்தான் சேர்க்கும். அதற்கு விலைதான் ஸ்ட்ரெஸ் என்கிற அழுத்தப் புள்ளி. அதைக் குறிக்கும் பெட்டி ஒன்பது. நிரம்பினால் கேரக்டருக்கு ஆறாத காயம் ஒன்று ஒட்டிக்கொள்ளும். கூடவே நடத்துபவர் தாளில் ஒரு வட்டம் போட்டு ஆறு துண்டாகப் பிரித்து 'காவல் உஷார்' என்று எழுதி, வம்பு வரும்போதெல்லாம் ஒரு துண்டு, இரண்டு துண்டு என்று கறுப்படித்துக்கொண்டே வருவார். வட்டம் நிரம்பினால் விசில் சத்தம்.

பழைய டி அண்ட் டி கூட்டம் இதில் சொதப்பும் இடம் மூன்று. ஒன்று, திட்டம் போட்டே ஒரு மணி நேரம் ஓட்டுவது. எந்த வகைத் திட்டம், எந்த வழியாக நுழைகிறோம், இரண்டை மட்டும் சொல்லிவிட்டு நேராகக் காரியத்தின் நடுவில் குதிக்கச் சொல்கிறது விதி. மற்றதை ஃப்ளாஷ்பேக் பார்த்துக்கொள்ளும். இரண்டு, ஆபத்து எவ்வளவு, பலன் எவ்வளவு என்று ஒவ்வொரு உருட்டலுக்கும் பேரம். முதல் ராத்திரி எல்லாவற்றையும் 'ரிஸ்கி, ஸ்டாண்டர்ட்' (ஆபத்து நடுத்தரம், பலன் சாதாரணம்) என்றே வைத்து ஓட்டிவிடுங்கள். மூன்று, வட்டம் வரைகிற ஆசை. ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம், யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசிமேட்டில் கதை என்றதும் ஐந்து பேரும் அரிவாளோடு நிற்கும் கேரக்டர் எழுதுவார்கள். வடசென்னை என்றால் ரௌடி என்று காட்ட சினிமாவில் ஆள் இருக்கிறார்கள். நம் மேசையிலும் நாமே ஏன் அதைச் செய்யணும்? ஐஸ் ஃபேக்டரி ஃபிட்டர், கஸ்டம்ஸ் குமாஸ்தா, வலை பின்னுகிற பாட்டி, பழைய பாக்ஸிங் மாஸ்டர் என்று வைத்துப் பாருங்கள். திருட்டும் புதுசாக இருக்கும்.

எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது

இட்ச், டிரைவ்த்ருஆர்பிஜி என்ற இரண்டு தளம் போதும். கதை வகையை வைத்துத் தேடாதீர்கள். 'ஃபேன்டஸி' என்று அடித்தால் கடல்தான். உங்கள் சீட்டு சொன்ன குறையை வைத்துத் தேடுங்கள். ஒன்-பேஜ் ஆர்பிஜி, ஜிஎம்-லெஸ், சோலோ, பிபிடிஏ, ஃபோர்ஜ்ட் இன் தி டார்க் ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் அடித்தால் ஒவ்வொன்றும் ஒரு தனித் தெருவைத் திறக்கும். ஆர்பிஜி என்றால் ரோல்பிளே ஆட்டம், ஜிஎம்-லெஸ் என்றால் நடத்துபவர் இல்லாதது, சோலோ என்றால் தனியாக ஆடுவது. பிபிடிஏ என்பது அபோகலிப்ஸ் வேர்ல்ட் வம்சம். கடைசியில் சொன்னது பிளேட்ஸ் வம்சம்.

காசு கொடுக்காமலே ஒரு வருஷம் ஓட்டலாம். கெய்ர்ன், அயர்ன்ஸ்வார்ன், எலிகளாக ஆடும் 'மவுஸ்ரிட்டர்' எல்லாம் இலவச பிடிஎஃப். பாத்ஃபைண்டரின் விதிகள் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில் முழுதாக இருக்கின்றன. 'ஃபேட்', பிளேட்ஸ் இரண்டின் அடிப்படை விதிகளும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. 'கால் ஆஃப் கதுல்லு' என்ற திகில் ஆட்டத்துக்கு இலவச குவிக்ஸ்டார்ட் (சுருக்கக் கையேடு) உண்டு, ஆடத் தயாரான கதையும் அதற்குள்ளேயே இருக்கிறது. இத்தனை இருக்கும்போது டெலிகிராமில் சுற்றும் திருட்டு பிடிஎஃப் எதற்கு?

இறக்கியதை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். உலகத்தின் ஐந்தாயிரம் வருஷ வரலாறு அங்கே படுத்திருக்கும். மூன்று இடத்தை மட்டும் திறவுங்கள். முதலில் கேரக்டர் ஷீட் (கேரக்டரின் விவரம் எழுதும் தாள்): எதற்குப் பெட்டி போட்டிருக்கிறார்களோ அதுதான் மேசையில் அடிக்கடி வரும். அடுத்து, நடத்துபவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பக்கம்; அப்படி ஒரு பக்கமே இல்லையென்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். மூன்றாவது, எக்ஸ்பி (கேரக்டர் வளரச் சேரும் அனுபவப் புள்ளி) எதற்குக் கிடைக்கிறது என்பது. டி அண்ட் டியில் அசுரனைக் கொன்றால், 'ஷேடோடார்க்'கில் புதையலைத் தூக்கிவந்தால், டன்ஜன் வேர்ல்டில் உருட்டல் சொதப்பினால். ஆட்டக்காரர்கள் எக்ஸ்பி போகும் திசையில்தான் ஓடுவார்கள். இந்த மூன்றையும் பார்க்க இருபது நிமிஷம். அதற்குள் "இந்த ஆளா நான் ஆடணும்" என்று ஒரு கேரக்டராவது மனசில் வராவிட்டால் மூடிவைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

இப்படிப் படிக்க ஏசி வேண்டுமென்றால் கொளத்தூர் முதல்வர் படைப்பகம் மாதிரி இடங்கள் தோது. ஆட அங்கே போகாதீர்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் நடுவில் பகடை உருட்டினால் முறைப்பார்கள்.

பிடித்துப்போன ஆட்டத்தின் விதியை எட்டே வரியில் தமிழில் எழுதி, ஆளுக்கொரு ஜெராக்ஸ் போட்டுக் கொடுங்கள். ரோல், டேமேஜ் போன்ற சொற்கள் அப்படியே இருக்கட்டும். 'எப்போது உருட்டணும், விழுந்தால் என்ன' என்பது மட்டும் நம் பேச்சில் இருந்தால் போதும். எட்டு வரியில் அடங்காத ஆட்டம் புது ஆட்களுக்கு ஆகாது.

அட்டைக்குப் பாரிமுனை, மீதிக்கு வீடு

ஆறுமுகப் பகடை பத்து, இரண்டு நிறத்தில் ஐந்தைந்தாக. ஃபேன்ஸி ஸ்டோரிலோ லூடோ பெட்டியிலோ கிடைக்கும். கார்டுக்கும் தாளுக்கும் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. சில்லறைக் கடையில் பத்துப் பத்தாக வாங்குவதைவிட அங்கே ஒரு கட்டு கெட்டியான வெற்று அட்டை வாங்கினால் ரொம்ப நாள் வரும். பலமுகப் பகடை ஆர்டர் போட்டு வரும்வரை காத்திருக்க வேண்டாம்:

நாலுமுகம்: வீட்டுத் தாயக்கட்டையில் ஒன்று. நீளவாக்கில் நாலு பக்கம், ஒன்று இரண்டு மூன்று புள்ளி, வெற்றுப் பக்கம் நாலு.
எட்டுமுகம்: ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயம். தலை விழுந்தால் முறையே 1, 2, 4. கூட்டி ஒன்று சேர்க்கவும்.
பத்துமுகம்: சீட்டுக்கட்டில் ஒரே ஜாதியின் ஏஸ் முதல் பத்து வரை. எடுத்த சீட்டைத் திருப்பிப் போட்டுக் கலைக்க வேண்டும். பலர் இதை மறந்து, கடைசிச் சீட்டு எதுவென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.
இருபதுமுகம்: அந்தச் சீட்டோடு ஒரு ஆறுமுகப் பகடை. ஒற்றைப்படை விழுந்தால் சீட்டின் எண், இரட்டைப்படை விழுந்தால் பத்து கூட்டிக்கொள்ளவும்.

ஃபேட் ஆட்டத்துக்குத் தனிப் பகடை விற்கிறார்கள், தேவையில்லை. சாதாரணப் பகடையில் 1, 2 கழித்தல். 3, 4 பூஜ்யம். 5, 6 கூட்டல். நாலு உருட்ட வேண்டும்.

உருட்ட இடம்? கேரம் போர்டு. சட்டம் இருப்பதால் பகடை கட்டிலுக்கடியில் ஓடாது. ஆனால் மேலே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் போர்டுக்காரர் நெஞ்சு வெடித்துவிடும். மாடியில் ஆடினால் மாலைக் கடற்காற்று கேரக்டர் ஷீட்டை அடுத்த தெருவுக்கு அனுப்பும். பரீட்சை அட்டையும் கிளிப்பும் வைத்துக்கொள்ளுங்கள். 'டிரெட்' ஆட்டம் மட்டும் மாடியில் கூடவே கூடாது. அதில் பகடைக்குப் பதில் ஜெங்கா கோபுரம். கட்டையை உருவும்போது சரிந்தால் கேரக்டர் சாவான். ராயபுரத்துக் காற்றுக்கு அந்த விதியெல்லாம் தெரியாது. அத்தோ (பர்மா நூடுல்ஸ்) பார்சலை இடைவேளை வரை பிரிக்காதீர்கள். எண்ணெய்க் கை பட்ட தாளில் பென்சில் எழுதாது.

நடத்துபவர் இல்லாமல் ஆட

ஜேசன் மார்னிங்ஸ்டாரின் 'ஃபியாஸ்கோ' 2009-இல் வந்தது. மூன்று முதல் ஐந்து பேர், ஆளுக்கு நாலு பகடை, பாதி ஒரு நிறம் பாதி இன்னொன்று; ஐந்து பேர் என்றால் உங்கள் பத்தோடு இன்னும் பத்து வேண்டும். பிற்பாடு வந்த பெட்டிப் பதிப்பில் பகடைக்குப் பதில் அட்டை. பேராசைப்பட்டு எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்ளும் சின்ன மனிதர்களின் கதை. இதில் ஜெயிக்கப் பார்க்கிறவர் ஆட்டத்தைக் கெடுப்பார். தன் கேரக்டர் நாசமாகப் போவதை ரசிக்கத் தெரிந்தால்தான் ருசி.

ஏவரி ஆல்டரின் 'தி கொயட் இயர்' இன்னும் வித்தியாசம். 52 சீட்டு, ஒரு தாள், சின்னப் பகடை ஆறு. பெரிய போர் ஒன்று முடிந்து ஒரு ஊர் மூச்சு விடுகிறது. ஒரு சீட்டு ஒரு வாரம். எல்லோரும் சேர்ந்து ஊரின் வரைபடத்தை வரைகிறீர்கள். ஸ்பேடு ராஜா வந்ததும் குளிர்காலத்தோடு ஆட்டம் முடியும். எண்ணூருக்கு ஏது குளிர்காலம்? நாலு ஜாதியைப் பனி, கத்திரி, ஆடிக் காற்று, ஐப்பசி மழை என்று வைத்து, கடைசி ராஜாவைப் புயலாக்குங்கள். தாளின் நடுவில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை வரைந்துவிட்டால் மீதி தானாக வளரும்: உப்பளம் இங்கே, இறால் கிடைக்கும் இடம் அங்கே, யாரும் போகாத கொதிகலன் அந்த மூலையில்.

இதில் நம்மாட்களுக்குக் கஷ்டமான விதி ஒன்றே ஒன்று. ஒருவர் முறையில் மற்றவர் கருத்துச் சொல்லக்கூடாது. எரிச்சல் வந்தால் நடுவிலிருந்து ஒரு காயை எடுத்து உங்கள் முன்னால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். புளியங்கொட்டை வைத்தால் கச்சிதம். ஆட்டம் முடியும்போது யார் முன்னால் எத்தனை குவிந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே ஊரின் மனநிலை தெரியும்.

ஒரு எச்சரிக்கை. 2023 டிசம்பரில் வெள்ளமும் எண்ணெய்க் கசிவும் பார்த்த வீடுகள் இங்கே உண்டு. புயலை ஆட்டத்தில் வைக்கலாமா என்று உட்காரும்போதே கேட்டுவிடுங்கள். நடுவில் ஒரு அட்டையில் பெருக்கல் குறி போட்டு வையுங்கள். யார் தொட்டாலும் அந்தக் காட்சியை விட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்பவர் பரப்பிய வழக்கம் இது, எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும்.

உலகம் அலுத்தவர்களுக்கு ஒரு ராத்திரி

1981-இல் வந்த கால் ஆஃப் கதுல்லுவில் நூறுக்குள் எண் எடுத்து உங்கள் திறமைக்குச் சமமாகவோ கீழாகவோ வர வேண்டும். திறமை 50 என்றால் 25-க்குள் வந்தால் கடினமான காரியமும் நடக்கும், 10-க்குள் வந்தால் அசாத்தியமானதும். கதைக்காலம் பெரும்பாலும் 1920-கள். அதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள். 1914 செப்டம்பர் 22, இரவு. ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போடுகிறது, பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிகின்றன, ஊர் மூட்டை கட்டுகிறது. கெட்டிக்காரனை 'எம்டன்' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த எம்டன்தான். கேரக்டர்கள்: ராயபுரம் ரயில் நிலையத்து டிக்கெட் குமாஸ்தா (அந்த ஸ்டேஷன் 1856-லேயே திறந்தது), மணியக்காரர் சத்திரத்து கம்பவுண்டர், படகுக்காரர், பத்திரிகை நிருபர். தீ அணைந்த மூன்றாம் நாள், வெறுமையான எண்ணெய்த் தொட்டிக்குள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள். இதற்கு மேல் தயாரிப்பு வேண்டாம்.

டி அண்ட் டி பழக்கத்தில் முதல் பூதத்தையே அடிக்கப் பாய்வார்கள். அடித்தால் செத்துவிடுவீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஒளித்துவைக்க இதில் ஒன்றுமில்லை. ஓடுவது, ஒளிவது, விசாரிப்பது, இவைதான் இங்கே வீரம்.

ஃபேட் ஆடப்போகிறவர்களுக்கு ஒரே குறிப்பு. அதில் கேரக்டர் என்பதே நாலைந்து சொற்றொடர்தான்; அது சப்பென்று இருந்தால் ஆட்டமும் சப்பென்று இருக்கும். 'துணிச்சலானவன்' என்று எழுதினால் எதற்கும் உதவாது. 'தண்டல்காரரிடம் மூன்று மாதப் பாக்கி' என்று எழுதிப் பாருங்கள். ஒளியத் தெரியும், எல்லாச் சந்தும் தெரியும், அது உங்களுக்கு உதவி. முக்கியமான நேரத்தில் தண்டல்காரர் எதிரே வருவார், அது நடத்துபவருக்கு உதவி. இரண்டு பக்கமும் வெட்டாத சொற்றொடரை அடித்துவிட்டு வேறு எழுதச் சொல்லுங்கள்.

மூன்று வாரப் பரீட்சை

முதல் வாரம் ஜான் ஹார்ப்பரின் 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்'. ஒரே பக்கம், இலவசம், கேரக்டர் உருவாக்கப் பத்து நிமிஷம். ஆளுக்கு 2 முதல் 5 வரை ஒரு எண். அறிவு வேலைக்கு எண்ணுக்குக் கீழே விழ வேண்டும், மனசு வேலைக்கு மேலே. சரியாக அதே எண் விழுந்தால் நடத்துபவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம், அவர் உண்மையைச் சொல்ல வேண்டும். விண்வெளிக் கப்பலை விட்டுவிட்டு கானா குழுவாக மாற்றினால் இங்கே பிய்த்துக்கொண்டு போகும். எண்ணுக்குக் கீழே 'தாளம்', மேலே 'தகராறு'. கப்பலுக்குப் பதில் ஒரு சின்ன யானை வண்டி. அதற்கு இரண்டு பலம், ஒரு கோளாறு: ஸ்பீக்கர் அதிரும், டிரைவருக்கு எல்லாக் குறுக்குச் சந்தும் தெரியும், ரிவர்ஸ் கியர் விழாது. வியாசர்பாடியிலிருந்து கிளம்பி ராத்திரி பத்துக்குள் திருவொற்றியூர் தேரடியில் மேடையேற வேண்டும். அவ்வளவுதான் கதை.

இரண்டாம் வாரம் உங்கள் சீட்டு காட்டிய ஆட்டம். மூன்றாம் வாரமும் அதே ஆட்டம். இந்த இடத்தில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், "இன்னொண்ணு பாக்கலாம்" என்பார்கள். விடாதீர்கள். முதல் தடவை எல்லோரும் புது ஆட்டத்தைப் பழைய ஆட்டம் போலத்தான் ஆடுவார்கள்: கதவைத் திறக்க உருட்டுவார்கள், "இது செய்யலாமா டிஎம்?" என்று அனுமதி கேட்பார்கள், முறை வரும்வரை காத்திருப்பார்கள். இரண்டாவது தடவைதான் அந்த ஆட்டம் தன் முகத்தைக் காட்டும். அதுவரை ஒரு விதியையும் திருத்தாதீர்கள். பிடிக்காத விதியை முதல் நாளே தூக்கிவிட்டால் எது சரியில்லை என்று தெரியாமலே போகும்.

நாலு பேர், இரண்டரை மணி நேரம், கேரக்டர்கள் முன்கூட்டியே எழுதித் தயார். ஆறு பேரோடு புது ஆட்டம் தொடங்கினால் இருவர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஏழரைக்கு முடிந்துவிடும். விம்கோ நகர்ப் பக்கம் போகிறவர் மெட்ரோ நேரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவிக்க வேண்டாம். முடிந்ததும் மறுபடி அதே சீட்டு, அதே இரண்டு கேள்வி. 'போனை மறந்த இடம்' முதல் முறையைவிட அதிகமாக வந்திருந்தால் ஆட்டம் கிடைத்துவிட்டது. குறைந்திருந்தால் காரணம் சீட்டிலேயே இருக்கும்; அதை வைத்து மறுபடி தேடுங்கள்.

பழைய கேம்பெயினைக் கொன்றுவிடாதீர்கள். ஒரே தாளில் எழுதி வையுங்கள்: ஒவ்வொரு கேரக்டரும் எங்கே நிற்கிறது, எத்தனை ஹிட் பாயின்ட், எந்த மந்திரம் மிச்சம், யாருக்கு எவ்வளவு கடன், கடைசியாக யார் என்ன சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பும் கூட்டங்கள் நிறைய, அப்போது இந்தத் தாள் இல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஞாபகம் வராது. கேரக்டர் ஷீட்டுகளோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோ மேல் வையுங்கள். சுவரோரம் வேண்டாம், ஐப்பசியில் சுவர் வேர்க்கும். பென்சிலில் எழுதியது தாங்கும். ஜெல் பேனாவில் எழுதியிருந்தால் இன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள்.